சில்லின் முதுகு

அந்த மனிதர் எந்த வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போனாலும் டின்னைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "இதுக்கு முன்னாடி இந்தச் சொவத்துல என்னா அடிச்சிருக்கு?" வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போவார். தண்ணீர்க் குழாயைப் பார்ப்பார். அண்ணாந்து கூரை ஓரத்துத் தகரத்தைப் பார்ப்பார். பூச்சட்டியை நகர்த்திப் பார்ப்பார். திரும்பி வந்து, முதல் தடவை கேட்காதவர் போல அதையே மறுபடி கேட்பார். தேத்தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைக்கும்போது மூன்றாவது தடவை கேட்பார். அதற்கப்புறம் கேட்கமாட்டார். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடுவார்.

எதிர்வீட்டு லோரிக்காரர் ஒருநாள் அவரிடம், "என்னா தம்பி, கல்யாணத்துல பாதிரியார் கேக்குற மாதிரி கேக்குறீங்க?" என்றார்.

"பாதிரியார் ஒரு தடவதாண்ணே கேப்பாரு. அதான் பாதிக் கல்யாணம் ரெண்டு மழையில உரிஞ்சிருது" என்றார் இவர். சிரிக்காமல்தான் சொன்னார். அவர் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமையில் சாயம் அடிக்கமாட்டார். மற்ற ஆறு நாளும் அவர் போட்டிருக்கிற சிலுவாரில் ஏதாவது ஒரு வீட்டின் நிறம் இருக்கும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஜோகூரில், உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில் அந்தப் பெயர் ஒரு தடவை கெட்டது போதும். எப்படிக் கெட்டது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத நேரமாகும். ஆகட்டும். இத்தனை வருசம் ஆனது, இன்னும் நாலு நாள் ஆனால் என்ன?

என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். ஒல்லியான ஆள். புருவத்து மயிரில் எப்போதும் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். வலதுகைக் கட்டைவிரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தார். அதுதான் அவருடைய முதல் ஆயுதம். சுவரில் நகத்தை வைத்து லேசாக நெம்புவார். சாயம் வில்லையாக எழும்பி வந்தால் அதைக் கீழே போடமாட்டார். உள்ளங்கையில் கவிழ்த்து வைத்து, அதன் பின்பக்கத்தைப் பார்ப்பார்.

"சில்லோட முகத்தப் பாத்து ஒண்ணும் தெரியாதுக்கா. முதுகப் பாக்கணும். சிமெண்டு ஒட்டியிருந்தா ஒரு வேல, பாசி ஒட்டியிருந்தா ஒரு வேல, ஒண்ணுமே ஒட்டாம வழவழன்னு இருந்தா வேற வேல."

அப்படி எடுத்த சில்லுகளை ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எந்தச் சில்லு எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியும். எடுத்துக் காட்டுவார். "இது பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு. ஈரத்தோட அடிச்சிட்டாங்க. இது மூணாவது லோரோங் சந்துல சீனர் வீடு. வெயில் கொதிக்கிற சொவத்துல அடிச்சி, அடி காயாம மேல காஞ்சது."

வெயில் பட்ட சுவரில் அவர் கை வைக்கமாட்டார். காலையில் வீட்டின் மேற்குப் பக்கம் அடிப்பார், மத்தியானம் தாண்டி கிழக்குப் பக்கம் வருவார். நிழல் எங்கே போகிறதோ அங்கே ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார். மற்றவர்கள் இரண்டு நாளில் முடிக்கிற வேலை இவருக்கு ஐந்து நாள் ஆகும். தடிப்பாக ஒரு கோட்டு அடித்துவிட்டுப் போகச் சொன்னால் போகமாட்டார். மெல்லிசாக இரண்டு கோட்டு, நடுவில் ஒரு முழு நாள் காய வேண்டும்.

எங்கள் வரிசையில் ஐந்தாவது வீட்டு மலாய்க்கார அம்மா, மாச்சிக் என்று கூப்பிடுவோம், இவரோடு பெரிய சண்டையே போட்டிருக்கிறார். அந்த வீட்டு முன்சுவர் வருசா வருசம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வருசா வருசம் சாயம் அடிப்பார்கள். ஒரு வருசம் இவரைக் கூப்பிட்டார்கள். இவர் சாய டின்னைத் திறக்கவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து பார்த்தால் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"மாச்சிக், டிண்டிங் மினும் ஆயர்" என்றார். சுவர் தண்ணீர் குடிக்கிறது என்று.

சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்த பூச்சட்டிகளை எல்லாம் ஒரு முழம் தள்ளி வைத்தார். கூரைத் தகரத்தில் அடைத்திருந்த இலையை அள்ளிப் போட்டு, ஓட்டையை அடைத்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார். "ரெண்டு வாரம் காயட்டும்" என்றார். பெருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மாச்சிக் கத்தினார். வருகிற விருந்தாளிகள் இந்தச் சொறிபிடித்த சுவரையா பார்ப்பது என்று. இவர் ஏணியை மோட்டர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். பெருநாள் முடிந்து வந்துதான் அடித்தார். அதற்கப்புறம் அந்தச் சுவரில் ஒரு கொப்புளம் எழும்பவில்லை. மாச்சிக் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டினார். தாமானுக்குள் அவருக்கு வேலை வர ஆரம்பித்தது அப்போதுதான்.

தாமானுக்குள் வேலை வேண்டும் என்று அவர் ஏன் அத்தனை ஆசைப்பட்டார் என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அடுக்குமாடிகளுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு சாயம் அடிக்கிற வேலை. காலை நாலு மணிக்கு மோட்டரை எடுத்தால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். அவர் மனைவிக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருப்பார், தானாக எழுந்திருக்க முடியாது. தாமானுக்குள் வேலை என்றால் இவர் பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சாப்பாடு ஊட்டலாம். அதற்காகத்தான் சிங்கப்பூரை விட்டார்.

அந்த வருசம் எங்கள் தாமான் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைப்பதாக இருந்தது. மதில் முழுவதும், மண்டபம், தேர்க்கொட்டகை எல்லாவற்றுக்கும் சாயம் அடிக்க வேண்டும். ஆறு மாத வேலை. இவருக்குத்தான் கொடுப்பதாகக் கோயில் தலைவர் வாயால் சொல்லிவிட்டார். வேதக்காரருக்கா என்று ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தலைவர், "சாயம் ஒட்டுனா போதும்யா" என்று அடக்கிவிட்டார்.

தலைவர் ஒரு தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அவர் மனைவியைக் கிராணியம்மா என்போம். என் மகளுக்கு ஜோகூர் பாருவில் மாப்பிள்ளை பார்த்துச் சொன்னதே அந்தம்மாதான், அவருக்குத் தூரத்துச் சொந்தம். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருசம் ஆகியிருந்தது. அவர் இல்லாமல் பெண்ணை வளர்த்து, சிங்கப்பூரில் நல்ல வேலைக்கு அனுப்பி, நல்ல இடத்தில் பரிசம் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். யாரிடமும் ஒரு பிடி அரிசி கேட்டதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இப்போதும் உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பரிசம் என்று முடிவானது. எங்களுடையது முனை வீடு. தாமானுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது எங்கள் சுவரைத்தான். முன்பக்கமும் பக்கவாட்டும் கீழே இரண்டடி உயரத்துக்குச் சாயம் உரிந்து தொங்கியது. இவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். வேலைக்கு வருகிறவர் முன்னால் வீடு அசிங்கமாக இருக்கக்கூடாது என்று முந்தின நாளே ஒரு பழைய கத்தியால் உரிந்ததை எல்லாம் சுரண்டி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவி, குப்பையைக் கூட்டி எரித்துவிட்டேன். அப்போது என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. சுத்தம், அவ்வளவுதான்.

அவர் வந்து சுவரைப் பார்த்தார்.

"யாருக்கா சுரண்டுனது?"

"நான்தான் தம்பி."

"நல்லாத்தான் சுரண்டியிருக்கீங்க. அந்தச் சில்லுல ஒண்ணு ரெண்டு எனக்கு வச்சிருக்கக் கூடாதா?"

"குப்பய வச்சி என்னா செய்யப் போறீங்க?"

அவர் நகத்தால் மேலே நெம்பிப் பார்த்தார். மேல்சுவரில் மழை படாததால் சாயம் நன்றாகப் பிடித்திருந்தது, சில்லு வரவில்லை. பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டுப் போய், மறுநாள் காலையில் வந்து பார்த்தார். தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போதுதான் திரும்பி என்னைக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இந்தச் சொவத்துல என்னா அடிச்சிருக்கு?"

என் பக்கத்தில் கிராணியம்மா நின்றுகொண்டிருந்தார். பரிசத்துக்கு என்ன நிறம் அடிக்கிறோம் என்று பார்க்க வந்திருந்தார்.

அந்தச் சுவரில் என்ன இருந்தது என்றால், சுண்ணாம்பு இருந்தது. நாங்கள் தோட்டத்தை விட்டு இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வீடு கட்டியவர்கள் அடித்த வெளிர்மஞ்சள் சாயம் புத்தம் புதிதாக இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தீபாவளிக்குத் தீபாவளி லயம் முழுக்க வெள்ளையடிப்பார்கள். அந்த வாசம் வந்தால்தான் எங்களுக்கு நல்ல நாள். சுண்ணாம்பு படாத வீட்டில் எப்படிப் பால் காய்ச்சுவது? இரண்டு நாள் பீப்பாயில் சுண்ணாம்பை ஊறவைத்து, ஒரு சிட்டிகை நீலம் போட்டு, அந்தப் புதுச் சாயத்தின் மேலேயே நாங்கள் இருவரும் வெள்ளையடித்துவிட்டோம். எத்தனை சந்தோசம் அன்றைக்கு. ஒரு வருசம் கழித்து, அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் நிறம் நிறமாக இருப்பதைப் பார்த்து, அதன் மேல் அவரே வெளிர்பச்சைச் சாயம் ஒன்று அடித்தார். சுண்ணாம்பு உள்ளே போய்விட்டது.

கிராணியம்மா வீட்டார் அதற்கப்புறம் குடிவந்தவர்கள். அவருக்கு இது தெரியாது. ஒரு தடவை நாங்கள் இருவரும் பாசாருக்குக் காய் வாங்கப் போகும்போது, தோட்டத்திலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. "பாத்தியா, லயத்தத் தூக்கிட்டு வந்து தாமான்ல வச்சிட்டாங்க" என்று கிராணியம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

ஆகவே அவர் கேட்டபோது, "வீடு கட்டுனப்ப அடிச்ச சாயம், அதுக்கு மேல எங்க வீட்டுக்காரரு ஒரு கோட்டு அடிச்சாரு" என்றேன். நடுவில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் வீட்டைச் சுற்றிப் போனார். வந்து மறுபடி கேட்டார். அதையே சொன்னேன். தேத்தண்ணீர் குடித்து, கோப்பையை வைத்துவிட்டு மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"எத்தன தடவ தம்பி சொல்றது? என் வீட்டுச் சொவரு எனக்குத் தெரியாதா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. ஈரம் இல்ல, அது நிச்சயம். அடியில என்னான்னுதான் தெரியல. அஞ்சு நாளு குடுத்தீங்கன்னா முழுசாச் சுரண்டிட்டு அடிப்பேன்."

"ஞாயித்துக்கெழம பரிசம். அஞ்சு நாளுக்கு எங்க போறது?"

அவர் சுரண்டின ஓரத்தை விரலால் தடவினார். "அப்பச் சரி. நீங்க சொல்றீங்க, நான் எடுத்துக்கறேன். அஞ்சு வருசத்துக்குள்ள உரிஞ்சா நானே வந்து திருப்பி அடிச்சுத் தரேன்" என்றார். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். சொன்னதை மீறியதில்லை.

சுரண்டின இடத்தின் ஓரங்களை எல்லாம் தேய்த்துச் சமமாக்கி, சீலர் என்கிற அடிப்பூச்சு அடித்து, நிழலோடு சுற்றிச் சுற்றி, இரண்டு கோட்டு சந்தன நிறம் அடித்து சனிக்கிழமை சாயங்காலம் முடித்தார். பின்பக்கச் சுவருக்கு நேரமில்லை. விருந்தாளிகள் அங்கே போகமாட்டார்கள், விட்டுவிடுங்கள் என்றேன். பரிசத்துக்கு வந்த சம்மந்தி வீட்டார் காடியை விட்டு இறங்கியதும், "வீடு பளிச்சுன்னு இருக்குங்க" என்றார்கள். கிராணியம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

தீபாவளி கழிந்து மழை பிடித்தது. ஜோகூர் மழையைச் சொல்லவேண்டாம். மூன்று வாரம் விடாமல் பெய்தது. முதலில் பக்கவாட்டுச் சுவரில் ஒரு இடம் காற்றடைத்த மாதிரி உப்பியது. மறுவாரம் அது கிழிந்தது. அதற்கப்புறம் துணி கழற்றுவது போலத் தகடு தகடாகச் சாயம் கழன்று விழுந்தது. கீழே மட்டுமல்ல, நன்றாகப் பிடித்திருந்த மேல்சுவரிலிருந்தும். தாமானுக்குள் வருகிற ஒவ்வொரு காடியும் அங்கே மெதுவாகிப் போனது.

கோயில் தலைவர் ஒருநாள் காலையில் என் வீட்டுக் கேட்டு முன்னால் வந்து நின்றார். கூடவே கிராணியம்மா. சாயக்காரரையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

அவர் மோட்டரை நிறுத்திவிட்டு வந்து, தரையில் கிடந்த ஒரு தகட்டை எடுத்தார். உள்ளங்கையில் கவிழ்த்தார். அதன் முதுகு முழுவதும் வெள்ளை வெளேர் என்று மாவு. விரலால் தொட்டார், விரல் வெள்ளையானது. சாயம் சுவரைப் பிடிக்காமல் அந்தச் சுண்ணாம்பு மாவைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, நான் கேட்டேன்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் கிராணியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்க. நானும் சொன்னேன்" என்றேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சொவத்த ஒழுங்காச் சுரண்டாம அடிச்சிட்டு, வீட்டுக்காரங்க மேல பழியப் போடக்கூடாதுங்க. முனை வீட்டுலயே இப்பிடின்னா அம்மன் கோயில் மதில எப்பிடி நம்பிக் குடுக்குறது?"

அவர் வெள்ளை விரலைச் சிலுவாரில் துடைத்தார். "எம்மேல தப்புதாங்கய்யா. பரிசத்துக்கு அவசரம்னாலும் நான் முழுசாச் சுரண்டிப் பாத்திருக்கணும்" என்றார். அந்தச் சில்லை மட்டும் மிட்டாய் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே வந்துவிட்டார். மழைக்குத் தார்ப்பாய் கட்டினார். "வேணாம் தம்பி, விட்டுருங்க" என்றேன், யாரும் இல்லாத நேரம் பார்த்து. "சொல்லிட்டேன்லக்கா" என்றார். அவ்வளவுதான். பத்து நாள் சுரண்டினார். சிமெண்டு தெரிகிற வரைக்கும். இரும்புத் தகடு சுவரில் இழுபடுகிற சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தால் ஆறிக் கிடக்கும். வீட்டிலிருந்து ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தார். போகிற வருகிற எல்லாரும் பார்த்தார்கள். கெடுத்த ஆளே வந்து சரி செய்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். அவர் கூலி வாங்காமல் வேலை செய்யச் செய்ய, தப்பு அவருடையது என்பது தாமானில் உறுதியாகிக்கொண்டே போனது.

சுரண்டி முடித்த அன்றைக்கு நான் வாசலுக்கு வந்தேன். "தம்பி, அந்தச் சுண்ணாம்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. கையில பட்டதே." ஏணியிலிருந்து இறங்கி நின்றார். "கோயில்ல இன்னும் யாருக்கும் குடுக்கல. தலைவர்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும். நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்."

"தையில கல்யாணம் இருக்கு தம்பி. கிராணியம்மா மாப்பிள்ள வீட்டுக்குச் சொந்தம். கல்யாணம் முடிஞ்சதும் நானே போயிச் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இரண்டு கோட்டு அடித்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தை பிறக்கும் முன்னாலேயே கோயில் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. நான் போய்ச் சொல்லவில்லை. வேலையைத்தான் கொடுத்தாகிவிட்டதே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாமானுக்குள்ளும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் மறுபடி நாலு மணிக்கு மோட்டரை எடுக்க ஆரம்பித்தார். மனைவி பக்கத்தில் ஒரு பிளாஸ்கும் ஒரு மூடி போட்ட தட்டும் வைத்துவிட்டுப் போவார். அந்தம்மா வலது கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் வருகிற வரைக்கும் அந்த நாற்காலியிலேயே இருப்பார். துணி நனைந்தாலும் அதிலேயே.

நான் போக ஆரம்பித்தேன். தூக்குப்போசியில் கஞ்சி, ஒரு துவையல். துணி மாற்றிவிடுவேன். தலை சீவிவிடுவேன். அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் குழறும்.

"இந்தத் தாமான்லயே நீங்க ஒருத்தங்கதான்க்கா மனுசி" என்பார். "உங்க வீட்டுச் சொவருதான் இவரக் கவுத்துருச்சுன்னு சனங்க சொல்லுது. எப்பிடி உரிஞ்சதுன்னு கேட்டா வாயே தொறக்கமாட்டேங்கறாரு. நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்காம கஞ்சி கொண்டாறீங்க."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதும் சொல்லவில்லை. மூன்று மாதம் போல இப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என் வீட்டுக்கு வந்தார். மாதா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை. கையில் என் தூக்குப்போசி, துலக்கி மினுக்கியிருந்தார். கேட்டுக்கு வெளியேயே நின்றார்.

"இனிமே கொண்டு வராதீங்க அக்கா. அவ உங்கள ரொம்ப நல்லவங்கன்னு நெனச்சிட்டு இருக்கா. எனக்குக் கேட்டுட்டு இருக்க முடியல. வேற ஆளு பாத்திருக்கேன்."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் மோட்டரை எடுப்பதற்கு முன்னால் என் முன்சுவரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். வேலைக்காரரின் பார்வை. எங்காவது உப்பியிருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. ஒன்றும் இல்லை. போய்விட்டார்.

உள்ளே போய்ப் போசியைத் திறந்தேன். அடியில் ஒரு சில்லு கிடந்தது. சந்தன நிறம், அதன் கீழே வெளிர்பச்சை. முதுகைத் திருப்பினேன். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

அடுத்த வருசம் வீட்டை விட்டுவிட்டு லாபிஸுக்கு, மனைவியின் சொந்தக்காரர்களோடு இருக்கப் போய்விட்டார்கள். அந்தம்மா இறந்துபோனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரைப்பற்றி ஒன்றும் தெரியவில்லை. கோயில் தலைவர் கிராணி ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கிராணியம்மாவுக்கு இப்போது என்னையே அடையாளம் தெரிவதில்லை. யாருக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அவர் என்னைப் பார்த்து, "நீ எந்தத் தோட்டம்மா?" என்று கேட்கிறார். சொல்கிறேன். அவருக்கு மறந்துவிடுகிறது.

அந்த முன்சுவர் இன்றைக்கும் உரியவில்லை. நிறம் வெளுத்துவிட்டது, ஆனால் ஒரு கீறல், ஒரு கொப்புளம் கிடையாது. பின்பக்கச் சுவர்தான் அப்போது விட்டது விட்டதுதான். தகடு தகடாகத் தொங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து மகள் போன வாரம் சாயம் அடிக்கிற ஒரு குத்தகைக்காரரை அனுப்பியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். காதில் போனைச் சொருகிக்கொண்டு, முன்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அலமாக், யாரு ஆண்ட்டி அடிச்சது? கல்லு மாதிரி இருக்கு. இத சும்மா கழுவிட்டு மேல அடிச்சாப் போதும்."

அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "பின்னால சொவத்துல அடியில சுண்ணாம்பு இருக்கு. நாங்கதான் அடிச்சோம்."

"ஓகே லா ஆண்ட்டி" என்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனார். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பின்பக்கம் போனதும் மறுபடி சொன்னேன். "சுண்ணாம்பு இருக்கு. முன்ன ஒருத்தரு கேட்டப்ப நான் மறச்சிட்டேன்." அவர் ஏணி போடுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் போசியிலிருந்து அந்தச் சில்லை எடுத்துவந்து, முதுகைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

"சுண்ணாம்பு" என்றேன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "அதான் சொல்லிட்டீங்களே. எத்தன தடவதான் சொல்வீங்க ஆண்ட்டி?"

"மூணு தடவ" என்றேன்.